‘ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று எழுதிக் கொடுத்தால் போதுமா? எண்டோஸ்கோப்பி சேவைக்கு ஒரு மதிப்புரை

ஒரே ஒரு ஏ4 தாள். மேலே மருத்துவமனையின் பெயர், கீழே வட்டவட்டமாக நான்கு படங்கள். முதல் படத்தில் பாதியை நுரை மறைக்கிறது. இரண்டாவது ஆடிக் கலங்கியிருக்கிறது. மூன்றும் நான்கும் கிட்டத்தட்ட ஒரே இடம். பக்கத்தில் நாலு வரி: உணவுக்குழாய் நார்மல், இரைப்பையில் ‘ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’ (இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி), முன்சிறுகுடல் நார்மல், இரைப்பைக் கிருமிக்கான ஆர்.யு.டி. சோதனை நெகட்டிவ். கூடவே ஒரு மருந்துச் சீட்டு: அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோல் 40, காலையில் வெறும் வயிற்றில், 30 நாள். நம்மூரில் டியூப் விட்டுப் பார்த்தவர்களின் ஃபைலைப் புரட்டினால் இப்படி ஒரு தாள் அடிக்கடி கண்ணில் படும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சரக்கு இது. மிக்ஸி வாங்கினால் ஜார் எத்தனை, மோட்டார் எத்தனை வாட் என்று பார்க்கிறோம். இதையும் அப்படிப் பார்த்தால் என்ன?

ஓ.ஜி.டி. ஸ்கோப்பி என்பது வாய்வழியே டியூப் விட்டு உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடலின் தொடக்கம் மூன்றையும் நேரில் பார்க்கும் சோதனை. இன்று மாவட்டத் தலைநகரைத் தாண்டிச் சின்ன ஊர்களிலும் கிடைக்கிறது. இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் தாமதமாகத் தெரிவதற்கு ஸ்கோப்புக்கே போகாதது ஒரு காரணம். போய்ப் பார்த்து, ‘பெருசா ஒண்ணுமில்ல’ என்று எழுதி வாங்கி, அந்தத் தெம்பில் ஓடவிட்ட மாதங்கள் இன்னொரு காரணம். 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இந்த இரண்டு புற்றுநோய்களில் ஒன்று உறுதியானவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் ஸ்கோப் செய்தும் அது பிடிபடாமல் போயிருக்கிறது.

சென்னை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று வெகுகாலமாக முன்வரிசையில் நிற்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து பராமரிக்கும் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். தென் கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களின் இரைப்பையை 2 ஆண்டுக்கு ஒருமுறை அரசுத் திட்டத்திலேயே சோதிக்கிறார்கள். நம் நாட்டு அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் இருப்பது வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும்தான். ஆகவே இங்கே தொந்தரவு வந்த பிறகு செய்யும் அந்த ஒரு ஸ்கோப்தான் வாய்ப்பு. அதை ஏனோதானோவென்று செய்தால் அடுத்த வாய்ப்பு வருவதற்குள் நோய் இரைப்பைச் சுவரைத் தாண்டியிருக்கும்.

முதலில் மாற்றுச் சரக்குகளை ஒதுக்கிவிடுவோம். ‘ஹோல் அப்டமன் ஸ்கேன்’ என்கிற அல்ட்ராசவுண்டு கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகத்துக்கு அருமையான சோதனை. காற்று நிறைந்த இரைப்பைக்குள் அந்த ஒலி அலை போகாது. உணவுக்குழாய் பெரும்பாலும் நெஞ்சுக்கூட்டுக்குள் இருப்பதால் அதன் வரம்பிலேயே வராது. சுவர் தடித்து முற்றிய கட்டி சில நேரம் தட்டுப்படும், அவ்வளவுதான். மேல்வயிற்று வலிக்கு ‘ஸ்கேன்ல எல்லாம் கிளியர்’ என்று நிம்மதியடைவது, சமையலறையில் தேடிவிட்டுத் திருடன் வீட்டிலேயே இல்லை என்று முடிவுகட்டுவது போல. இன்னொரு கண்ணியும் உண்டு. ஸ்கேனில் தற்செயலாகப் பித்தப்பைக் கல் தெரியும். பலருக்குத் தொந்தரவே தராமல் சும்மா கிடக்கும் கல் அது. வலிக்கு அதுதான் காரணம் என்று ஆபரேஷன் முடியும், வலி போகாது, ‘ஆபரேஷன் புண் ஆறணும்’ என்று மேலும் இரண்டு மாதம் போகும். பித்தப்பைக் கல்லுக்கு எடை குறையாது, சாப்பாடு தொண்டையில் நிற்காது. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் கத்தி வைப்பதற்கு முன் ஸ்கோப் பார்த்துவிட வேண்டும்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ‘கேன்சர் மார்க்கர்’ என்று சேர்த்து விற்கும் சி.ஈ.ஏ., சி.ஏ. 19-9 ரத்தச் சோதனைகள் இந்த வேலைக்குத் தண்டம். ஆரம்ப நிலை இரைப்பைப் புற்றில் அவை பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். நோய் உறுதியான பிறகு போக்கைக் கவனிக்க வேண்டுமானால் உதவும். பேரியம் எக்ஸ்ரேக்கு ஒரு சில இடங்களில் இன்னும் மதிப்பு உண்டு; தட்டையான ஆரம்பப் புண்ணை அது எளிதில் தவறவிடும், சோதனைக்குச் சதை எடுக்கவும் வழியில்லை.

ஸ்கோப்புக்கு உண்மையான போட்டி மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. ஓமெப்ரசோல், பாண்டோப்ரசோல், ரேபிப்ரசோல் அட்டைகள். அமிலத்தை இவை நன்றாகவே அடக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புற்றுநோய்ப் புண்ணும் அமிலம் குறைந்தால் ஓரளவு ஆறும்; மேலே மெல்லிய தோல் மூடும், எரிச்சல் அடங்கும், கீழே கட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ‘மாத்திரை போட்டா சரியாயிடுது, அப்ப கேஸ்தான்’ என்ற கணக்கு இங்கேதான் பொய்க்கிறது. மாத்திரைக்கு வலி அடங்குவதை வைத்துப் புற்று இல்லை என்று சொல்லவே முடியாது.

மாத்திரை ஸ்கோப்பையும் கெடுக்கிறது. பாதி ஆறிய புண் சாதாரணச் சிவப்புத் திட்டு போலத் தெரிந்து தப்பிவிடும். இரைப்பையில் வாழும் ஹெச். பைலோரி என்ற கிருமிக்கான சோதனையும் பொய் சொல்லும். முதல் தாளில் பார்த்தோமே ஆர்.யு.டி., அது இரைப்பையிலிருந்து கிள்ளிய துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் போட்டு, இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்ப்பது. கிருமியின் எண்ணிக்கை குறைந்திருந்தால் நிறம் மாறாது. இந்த மாத்திரைகள் கிருமியைக் கொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்துவிடும். அதனால் ஸ்கோப்புக்கு 2 வாரம் முன்பே இவற்றை நிறுத்துவது முறை. ஆன்டிபயாடிக் என்றால் 4 வாரம். இதே கிருமியைத் தேடும் மூச்சு, மலச் சோதனைகளுக்கும் இதே கணக்குதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்த கிருமி இது. முந்தைய நாள்வரை மாத்திரை சாப்பிட்டவருக்கு வரும் ‘நெகட்டிவ்’ ஒரு காசுக்கு உதவாது. ஒன்றை மட்டும் மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டாம்: ரத்த வாந்தி, கறுப்பு மலம், சாப்பாடு அடைப்பது போன்றவை இருந்தால் 2 வாரத்துக்காக ஸ்கோப்பைத் தள்ளக் கூடாது. மாத்திரையோடே போய், அதைச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். ரத்தக் கசிவு உள்ளவர் தானாக நிறுத்தவும் கூடாது.

யாருக்கு ஸ்கோப் அவசரம்? பிரிட்டனின் வழிகாட்டுதலில், விழுங்குவதில் தடை என்றால் எந்த வயதானாலும். 55 வயதுக்கு மேல் எடை குறைந்து, கூடவே மேல்வயிற்று வலியோ நெஞ்செரிச்சலோ அஜீரணமோ இருந்தால் உடனடியாக. அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கும் அஜீரணத்துக்கு 60 வயது எல்லை. அந்த எண்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. நம்மூரில் இந்நோய் அதைவிட இளவயதில் வருவதால் 40, 45 என்றே பல மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள்.

விழுங்கும் தடையை நோயாளி சொல்லும் விதம் கவனிக்கத்தக்கது. யாரும் ‘எனக்கு விழுங்க முடியவில்லை’ என்று ஆரம்பிப்பதில்லை. முதலில் சப்பாத்தியும் கறித்துண்டும் தட்டிலிருந்து காணாமல் போகும். கேட்டால் ‘பிடிக்கல’ என்பார். அடுத்து இரண்டு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு இட்லியைச் சாம்பாரில் முக்கிக் குழைப்பது, ரசம் சாதத்தை மிக்ஸியில் ஒரு சுற்று விடுவது, கடைசியில் கஞ்சி. வீட்டில் எல்லோரையும்விடச் சாப்பாட்டில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பார். உணவுக்குழாய் ரப்பர் போல விரிந்து கொடுக்கும். அதன் உள்வழி ஏறத்தாழ 13 மி.மீ.க்குக் கீழே சுருங்கிய பிறகுதான் கெட்டி உணவு வழக்கமாகச் சிக்கத் தொடங்கும். ஆக, முதல் சப்பாத்தி நின்ற நாளே நோயின் முதல் நாள் அல்ல. கெட்டி உணவில் தொடங்கித் திரவத்துக்கு இறங்கும் தடைதான் கட்டியைக் காட்டும் பாதை. முதல் நாளிலிருந்தே தண்ணீரும் சாதமும் ஒன்றுபோல நின்றால் குழாயின் தசைக் கோளாறாக இருக்கலாம். அதற்கும் ஸ்கோப் வேண்டும். சும்மா இருக்கும்போது தொண்டையில் உருண்டை, சாப்பிட்டால் மறைகிறது என்றால் பயம் குறைவு.

அடுத்து, சத்தமில்லாத ரத்தசோகை. 50 வயது ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கி, அது இரும்புச்சத்துக் குறை என்று தெரிந்தால், ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ‘கீரை சாப்பிடுங்க’ என்று இரும்பு டானிக் எழுதினால் எண் 11-க்கு ஏறும், கேள்வியும் மறந்துபோகும். போதாததற்கு இரும்பு மாத்திரையே மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், தார் போலப் பிசுபிசுத்து, தனி நாற்றத்தோடு போகும் ரத்தக் கறுப்பும் அதன் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

சரி, மேஜைக்கு வருவோம். கெட்டி உணவு 6 மணி நேரம் நிறுத்தியிருக்க வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை பொதுவாக அனுமதி. சாப்பாடு அடைப்பவருக்கும், நேற்றுச் சாப்பிட்டதை இன்று வாந்தி எடுப்பவருக்கும் 6 மணி நேரம் போதாது. உள்ளே தேங்கி நிற்கும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ‘உணவு மிச்சத்தால் சரியாகப் பார்க்க முடியவில்லை’ என்று ரிப்போர்ட் வரும். அப்படி வந்தால் அது நார்மல் ரிப்போர்ட் அல்ல. சோதனை இன்னும் நடக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுநாளைக்குத் தேதி வாங்க வேண்டும்.

நல்ல சென்டரை அடையாளம் காட்டும் முதல் பொருள் மெஷின் அல்ல, ஒரு சின்ன கப். ஸ்கோப்புக்குச் சுமார் 10 முதல் 30 நிமிடம் முன்பு, சைமெத்திகோனும் அசிட்டைல்சிஸ்டீனும் சுமார் 100 மி.லி. தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுப்பார்கள். முதலாவது நுரையை உடைக்கும், இரண்டாவது கோழையைக் கரைக்கும். சில ரூபாய் விஷயம். இது இல்லாவிட்டால் கேமரா பார்ப்பது சோப்பு நுரைக்கு அடியில் கிடக்கும் தரையை. ஆரம்பப் புற்று என்பது சுவரில் கொஞ்சம் நிறம் மாறிய, சற்றே பள்ளமான ஒரு திட்டு. அதை மறைக்க ஒரு துளி கோழை போதும்.

தொண்டை மரத்துப்போக லிக்னோகெயின் ஸ்ப்ரே மட்டுமா, மயக்க ஊசியுமா என்று கேட்பார்கள். ‘ஊசி வேண்டாம், சீக்கிரம் முடிச்சு விட்டுருங்க’ என்பது நம்மவர்களின் வழக்கமான பதில். ஸ்ப்ரேயோடு அமைதியாக ஒத்துழைப்பவர்களும் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஓங்கரித்துக்கொண்டே இருப்பவரிடம் எந்த மருத்துவரும் கையை வேகப்படுத்தத்தான் செய்வார். பயம் அதிகமுள்ளவர், தொண்டை கூச்சம் உள்ளவர் ஊசி போட்டுக்கொள்வதே நல்லது. கூட ஆள் வர வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

உள்ளே போன பிறகு தரத்தை அளக்க ஒரு எண் இருக்கிறது: 7 நிமிடம். ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் முதல்முறை ஸ்கோப்புக்குக் குறைந்தது இவ்வளவு நேரம் வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் 2015-இல் வெளியான ஆய்வில், சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் எடுத்த மருத்துவர்கள் மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு ஆபத்தான மாற்றங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதே மெஷின், அதே ஊர் நோயாளிகள். ‘ரெண்டே நிமிஷத்துல முடிச்சிட்டார், கை அவ்வளவு லேசு’ என்று ஒரு மருத்துவரைப் பாராட்டுவது மறுபடி யோசிக்க வேண்டிய பாராட்டு.

அந்த 7 நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும்? காற்றை நன்றாக ஊதி இரைப்பையின் மடிப்புகளை விரிக்க வேண்டும். மடிப்புக்குள் ஒளிவதுதான் கட்டியின் வழக்கம். ஸ்கோப்பின் நுனியைத் தூண்டில் முள் போல வளைத்து, தான் வந்த வாசலையே திரும்பிப் பார்க்க வேண்டும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடமும், இரைப்பையின் உள்வளைவும் அப்போதுதான் முழுதாகத் தெரியும். வெளியே வரும்போது உணவுக்குழாயின் மேற்பகுதியில் நிதானிக்க வேண்டும். பலர் அங்கே சரேலென்று உருவிவிடுகிறார்கள். புகையிலை, மது இரண்டும் உள்ளவருக்கு நீலமும் பச்சையும் கலந்த குறும்பட்டை ஒளியில் பார்ப்பதோ, லூகோல் அயோடின் தெளித்துப் பார்ப்பதோ கூடுதல் பலம். அயோடின் பட்டால் நல்ல திசு பழுப்பாகும், கெட்டது நிறம் ஏறாமல் வெளுத்து நிற்கும்.

இவையெல்லாம் நடந்ததா என்று மேஜையில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. தாளில் தெரியும். பிரிட்டிஷ் தரக்குறிப்பு குறைந்தது 8 இடங்களின் படத்தைக் கேட்கிறது, ஐரோப்பியச் சங்கம் 10, ஜப்பானிய முறை ஒன்று இரைப்பைக்கு மட்டும் 22. நான்கு படத்தில் நுனி வளைத்துத் திரும்பிப் பார்த்த படம் ஒன்றுகூட இல்லையென்றால், மேல் இரைப்பையைப் பார்த்ததற்குச் சாட்சி இல்லை. திரும்பிப் பார்த்த படத்தை அடையாளம் காண்பது சுலபம்: அதில் கறுப்பு ஸ்கோப் டியூபே தெரியும்.

இனிதான் முக்கியமான இடம். நம்மூரில் ‘அல்சர்’ என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நேரத்துக்குச் சாப்பிடாததால் எரிந்தாலும் அல்சர், ஸ்கோப்பில் சிவந்திருந்தாலும் அல்சர், உண்மையான பள்ளம் இருந்தாலும் அல்சர். பள்ளத்திலும் இரண்டு வகை. முன்சிறுகுடலில் உள்ள புண் புற்றாக இருப்பது அபூர்வம். இரைப்பையில் உள்ள புண் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் சதை எடுத்து (பயாப்ஸி) பார்த்தே ஆக வேண்டும். ‘கேஸ்ட்ரிக் அல்சர்’ என்று ரிப்போர்ட்டில் இருந்து, பக்கத்தில் பயாப்ஸி என்ற சொல்லே இல்லையென்றால், நீங்கள் வாங்கியது பாதிச் சரக்கு. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, ரத்தம் உறையாத மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்று நியாயமான காரணம் இருக்கலாம். அப்படியானால் எப்போது எடுப்பார்கள் என்ற தேதி இருக்க வேண்டும்.

ஒரு துண்டு எடுப்பதும் போதாது. புற்றுநோய்க் கட்டியிலிருந்து ஒரே துண்டு எடுத்தால் 70 சதவீதம் அளவுக்குத்தான் பிடிபடும், 7 துண்டு எடுத்தால் 98 சதவீதத்தைத் தொடும் என்பது 1980-களின் தொடக்கத்திலேயே அளந்து பார்த்த கணக்கு. குறைந்தது 6 என்பது இன்றைய வழக்கம். எங்கே கிள்ளுவது என்பதும் உண்டு: புண்ணின் நடுவே மட்டும் கிள்ளினால் பெரும்பாலும் அழுகல்தான் கிடைக்கும். விளிம்பில் நாலு பக்கமும் எடுத்து, அடியிலும் எடுக்க வேண்டும்.

அந்தத் துணுக்குகள் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். சதை கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் உள்ள பாட்டிலில் உடனே விழ வேண்டும். சலைன் பாட்டிலில் போட்டுச் சாயங்காலம்வரை ஜன்னலோரம் வைத்தால் செல்கள் சிதைந்து, ‘மாதிரி போதவில்லை’ என்று பதில் வரும். பல இடங்களில் பாட்டிலை உறவினர் கையிலேயே கொடுத்து லேபுக்குப் போகச் சொல்வார்கள். அப்போது பார்க்க வேண்டியவை: பாட்டில் மேல் பெயர், வயது, எந்த இடத்துச் சதை என்ற குறிப்பு, கூடவே போகும் சீட்டில் ஸ்கோப்பில் என்ன தெரிந்தது என்ற விவரம். ‘இரைப்பை பயாப்ஸி’ என்று மட்டும் எழுதிய சீட்டைவிட, ‘உள்வளைவில் 2 செ.மீ. புண், விளிம்பு மேடு, புற்று சந்தேகம்’ என்ற சீட்டு நோயியல் மருத்துவரை இரண்டாம் முறை பார்க்க வைக்கும்.

பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒரு வாரம்வரை ஆகலாம். அதை யார் வாங்குவது, யார் பார்ப்பது என்பதில் ஒரு ஓட்டை. லேபில் தயாராகக் கிடக்கும், வலி குறைந்ததால் நோயாளி போகமாட்டார், மருத்துவமனையும் கூப்பிடாது. ஸ்கோப் அறையை விட்டு வரும்போதே தேதியும் போன் நம்பரும் வாங்கிக்கொள்வது ஒன்றே வழி.

பயாப்ஸி நெகட்டிவ் என்று வந்தும் கதை முடியாத சமயம் உண்டு. இரைப்பைச் சுவருக்குள்ளேயே பரவி அதைத் தோல்பை போல விறைக்க வைக்கும் ஒரு வகைப் புற்றில், மேல்தோல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அங்கே கிள்ளினால் நல்ல சதைதான் வரும். காற்று ஊதியும் இரைப்பை விரியவில்லை, மடிப்புகள் தடித்து நிற்கின்றன, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது என்றால், ஒரே குழியில் மறுபடி மறுபடி கிள்ளி ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும், சி.டி. ஸ்கேனோ, ஸ்கோப் நுனியில் அல்ட்ராசவுண்டு வைத்த சோதனையோ தேவைப்படும். பார்த்ததும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் மருத்துவர்கள் நம்ப வேண்டியது கண்ணைத்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, தனியாரா? இரைப்பைக் குடல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளில் காசில்லாமல் செய்கிறார்கள், தினமும் புற்றுநோயைப் பார்க்கும் கண்கள் அங்கே இருக்கின்றன. குறை என்னவென்றால் கூட்டம், ஒரு காலை வேளைக்குள் முடிக்க வேண்டிய நீண்ட பட்டியல். தனியாரில் நாளைக்கே தேதி கிடைக்கும், படமும் பளிச்சென்று வரும். பேக்கேஜ் விலையில் பயாப்ஸி சேர்ந்திருக்கிறதா என்பதை முன்பே கேட்க வேண்டும். சேராவிட்டால், ‘இப்ப வேணாம், மாத்திரை குடுத்துப் பார்ப்போம்’ என்ற சமரசம் பணத்தால் வந்துவிடும்.

நம் மதிப்பெண்: கருவிக்கு ஐந்துக்கு நாலரை, வழக்கமாகக் கையில் கிடைக்கும் ரிப்போர்ட்டுக்கு இரண்டு. இரைப்பைப் புண் என்று வந்தவருக்கு 6 முதல் 8 வாரத்தில் மறு ஸ்கோப் செய்து, ஆறியதா என்று பார்த்து, ஆறாவிட்டால் மீண்டும் சதை எடுப்பது அடிப்படை விதி. முதல் பயாப்ஸி சுத்தமாக வந்திருந்தாலும் இது பொருந்தும். அந்தத் தேதி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் அச்சாகியிருக்கும் சென்டர் உங்கள் ஊரில் இருந்தால், அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தாலும் அங்கேயே போங்கள்.